கண்ணாடிபோல் தண்ணீர், காலியான குளோரின்

1999 பிப்ரவரியில் நெதர்லாந்தின் போவன்கார்ஸ்பெல் ஊரில் ஒரு மலர்க் கண்காட்சி நடந்தது. பூப் பார்க்க வந்தவர்கள் பக்கத்து அரங்கையும் ஒரு சுற்றுச் சுற்றினார்கள். அங்கே விற்பனைக்கு வைத்திருந்த சுழல்நீர்த் தொட்டியில் வெந்நீர் நிரப்பி, குமிழி பொங்க ஓடவிட்டிருந்தார்கள். யாரும் அதில் இறங்கிக் குளிக்கவில்லை. கடந்து நடந்தார்கள், அவ்வளவுதான். அடுத்த சில வாரங்களில் லெஜியோனெல்லா என்ற கிருமியால் வரும் நிமோனியாவில் 30 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். இருபது ஆண்டு கழித்து, 2019 செப்டம்பரில், அமெரிக்காவின் வட கரோலைனாவில் நடந்த ஒரு பொருட்காட்சியிலும் ஏறக்குறைய இதேதான் நடந்தது. காட்சிக்கு ஓடவிட்ட ஹாட் டப்கள் (இதே மாதிரி வெந்நீர்த் தொட்டிகள்தான்), கடந்து போன கூட்டம், 130-க்கும் மேற்பட்ட நோயாளிகள், 4 சாவு.

இந்தக் கிருமி தண்ணீரைக் குடிப்பதால் வருவதில்லை. ஜெட் கிளப்பும் நுண்திவலையோடு மூச்சில் ஏறி நுரையீரலுக்குப் போகிறது. உடம்பு சூட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் தண்ணீர்தான் அதற்கு மிகப் பிடித்த இடம். ஹாட் டப்பின் வெப்பமும் அதுதான். இதைவிட அடிக்கடி வருவது சூடோமோனாஸ் கிருமியால் வரும் தோல் அழற்சி. குளித்த சில மணி நேரத்திலிருந்து ஓரிரு நாளுக்குள் ரோமக்கால் ஒவ்வொன்றிலும் சிவந்த கொப்புளம் எழும்பி அரிக்கும். நீச்சலுடை மூடியிருந்த இடத்தில்தான் அதிகம் வரும், ஏனென்றால் ஈரத் துணி அந்தத் தண்ணீரைத் தோலோடு ஒட்டிப் பிடித்து வைத்திருக்கிறது. பெரும்பாலோருக்குத் தானாகவே ஆறிவிடும். ஆனால் அப்படி ஒருவருக்கு வந்துவிட்டால், அந்தத் தொட்டியில் ஏதோ ஒரு இரவு குளோரின் போதாமல் போயிருக்கிறது என்று அர்த்தம்.

தண்ணீர் தெளிவாகத்தான் இருந்திருக்கும். தெளிவு ஃபில்டர் பார்த்துக்கொள்ளும் விஷயம். அதை வைத்துக் கிருமியைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

கனடாவிலும் அமெரிக்காவிலும் வீடு வாங்கும் நம்மவர்கள் பலருக்குப் பழைய வீட்டுக்காரர் விட்டுப்போன ஹாட் டப் ஒன்று கொல்லைப்புறத்தில் இலவச இணைப்பாக வந்துவிடுகிறது. கூடவே பாதி தீர்ந்த நாலு டப்பாக்கள். வாரம் ஒரு முறை ஒவ்வொன்றிலும் ஒரு மூடி போட்டால் போதும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். தவறு அங்கேதான் தொடங்குகிறது.

சின்ன நீச்சல் குளம் அல்ல

ஒரு சராசரி வீட்டு ஹாட் டப்பில் 1500 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். இனி வரும் கணக்கெல்லாம் அந்த அளவுக்குத்தான். உங்கள் தொட்டி 1000 லிட்டர் என்றால் மூன்றில் இரண்டு பங்கு எடுத்துக்கொள்ளுங்கள். அதில் நாலு பேர் உட்கார்ந்தால் ஆளுக்கு 375 லிட்டர். 50,000 லிட்டர் நீச்சல் குளத்தில் இதே நெரிசல் வேண்டுமென்றால் 133 பேரை ஒரே நேரத்தில் இறக்க வேண்டும். அதுவும் சும்மா அல்ல, அத்தனை பேரும் 40 டிகிரி வெந்நீரில் வியர்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

வியர்வையிலும் சிறுநீரிலும் யூரியாவும் அமோனியாவும் இருக்கின்றன. தோலிலிருந்து எண்ணெய்ப் பிசுக்கு, இறந்த செல், பூசிய லோஷன், துணியில் மிச்சமிருக்கும் சோப்பு எல்லாம் கரைகிறது. குளோரினுக்குக் கிருமி எது, பிசுக்கு எது என்ற பேதமில்லை. எதிர்ப்பட்டதையெல்லாம் எரித்துத் தானும் தீர்ந்துபோகும். கிருமியைக் கொல்லச் செலவாவது சொற்பம். மனிதர் விட்டுப்போகும் அழுக்கை எரிக்கத்தான் பெரும்பங்கு போகிறது. அதனால் எத்தனை நாளுக்கு ஒரு முறை மருந்து போட வேண்டும் என்ற கேள்வியே பொருந்தாது. எத்தனை ஆள், எத்தனை மணி நேரம் உட்கார்ந்தார்கள் என்பதுதான் கணக்கு. இதை ஆள்மணி என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பேர் அரை மணி நேரம் உட்கார்ந்தால் ஒரு ஆள்மணி.

ஓசோன் கருவி (ஓசோன் வாயுவால் தண்ணீரைச் சுத்தம் செய்வது) இல்லாத 40 டிகிரி தொட்டியில் ஒரு ஆள்மணி சுமார் 9 கிராம் குளோரினைத் தின்கிறது. கடைப்பொருளாகச் சொன்னால் டைகுளோர் என்ற குளோரின் பொடி 16 கிராம், அல்லது 6 சதவீத வீட்டு ப்ளீச் 150 மில்லி, அல்லது 10 சதவீதத் திரவக் குளோரின் 90 மில்லி. 1500 லிட்டரில் இது 6 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 6 மில்லிகிராம். இந்த எண்ணைக் கேட்டதும் பலருக்கு நம்பிக்கை வராது, வாரம் முழுவதுக்கும் அவர்கள் போடும் அளவே இதில் பாதிதான் இருக்கும். உட்காரும்போது தண்ணீரில் 3 பிபிஎம் இருந்தது, நாலு பேர் அரை மணி நேரம் இருந்தார்கள், மூடியை மூடிவிட்டுத் தூங்கப் போய்விட்டார்கள் என்றால், இரண்டு ஆள்மணிச் செலவுக்கு, அதாவது 12 பிபிஎம்முக்கு, கையில் 3 மட்டும் இருந்திருக்கிறது. நள்ளிரவுக்கு முன்பே தீர்ந்திருக்கும். விடியும்வரை கிருமிகளுக்கு வெந்நீரும் இருட்டும் சாப்பாடும் தடையில்லாமல் கிடைக்கும்.

ஆகவே மருந்து போடும் நேரம் குளிப்பதற்கு முன் அல்ல, எழுந்து வந்த உடனே. ஆள்மணியைக் கணக்கிட்டு, மோட்டார் ஓடும்போது தண்ணீரில் தூவி, ஜெட்டையெல்லாம் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். ஜெட் திசைமாற்றும் கைப்பிடி இருந்தால் எல்லாப் பக்கமும் திருப்புங்கள். ஓடாத குழாய்க்குள் மருந்து போகாது. மூடியை 15, 20 நிமிடம் திறந்தே வையுங்கள், இல்லையென்றால் மேலெழும் ஆவி மூடியின் அடிப்பக்க உறையையும் தலையணையையும் அரித்துவிடும். மறுநாள் இறங்குவதற்கு முன் அளந்து பாருங்கள். 3 பிபிஎம்முக்குக் குறைவாக இருந்தால் நேற்றுப் போட்டது போதவில்லை, இன்று கூட்டுங்கள். 6-க்கு மேல் நின்றால் குறைத்துக்கொள்ளலாம். பத்துப் பதினைந்து நாளில் உங்கள் வீட்டுக்கான எண் பிடிபட்டுவிடும். யாரும் குளிக்காத நாளிலும் வெந்நீரில் குளோரின் நாளொன்றுக்குக் கால்பங்கு குறையும். ஓசோன் கருவி இருந்தால் பாதிகூடப் போகும். குளிக்கவில்லையே என்று ஒரு வாரம் திறக்காமல் விடுவது அதனால்தான் ஆபத்து.

குறைந்தபட்ச அளவு என்ன என்பதற்கு அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி சொல்லும் எண்: குளோரின் என்றால் 3 பிபிஎம், புரோமின் என்றால் 4 முதல் 8. நீச்சல் குளத்துக்கு அதே மையம் 1 பிபிஎம் குளோரின் போதும் என்கிறது. வித்தியாசத்தைக் கவனியுங்கள்.

டைகுளோர் தரும் இரகசியக் கடன்

ஹாட் டப் கடையில் ‘ஸ்பா குளோரின்’ என்று டப்பாவில் விற்பது பெரும்பாலும் டைகுளோர். நல்ல சரக்கு: சட்டென்று கரையும், தண்ணீரின் பிஎச்சை, அதாவது அமில-கார அளவை, அதிகம் ஆட்டாது, அளப்பது சுலபம். ஆனால் குளோரினோடு சயனூரிக் அமிலத்தையும் சேர்த்தே கொண்டுவருகிறது. 10 பிபிஎம் குளோரின் போடும்போது 9 பிபிஎம் சயனூரிக் அமிலம் கூடவே வந்து தங்கிவிடும். குளோரின் தினம் தீரும். இது தீராது, ஆவியாகாது, ஃபில்டரில் சிக்காது. தண்ணீரை மாற்றினால்தான் போகும்.

வெயிலில் கிடக்கும் நீச்சல் குளத்தில் குளோரினைச் சூரியன் சிதைக்காமல் காப்பது இந்த அமிலம்தான். மூடியிட்ட ஹாட் டப்பில் அந்த வேலை இல்லை. இங்கே அது குளோரினைப் பிடித்து வைத்துக்கொண்டு, கிருமியைக் கொல்லும் வேகத்தைக் குறைக்கிறது. பரிசோதனையில் 3 பிபிஎம் என்றுதான் காட்டும். அதில் உருப்படியாக வேலை செய்வது ஒரு துளிதான்.

தினமும் ஒரு ஆள்மணி, தினமும் 16 கிராம் டைகுளோர் என்றால் நாளுக்கு 5 பிபிஎம்முக்குச் சற்று மேல் ஏறும். ஆறு நாளில் 30. இருபது நாளில் 100 தாண்டிவிடும். முதல் மாதம் தண்ணீர் அருமையாக இருந்தது, இரண்டாம் மாதம் எவ்வளவு போட்டாலும் சரிவரவில்லை என்ற புலம்பலுக்குப் பாதிக் காரணம் இதுதான்.

இதற்கு அனுபவசாலிகள் கைக்கொள்ளும் வழி எளிது. புதுத் தண்ணீர் நிரப்பியதும் மொத்தம் சுமார் 90 கிராம் வரை டைகுளோரைப் பயன்படுத்துங்கள். சயனூரிக் அமிலம் 30 பிபிஎம் பக்கம் வந்து நிற்கும். அதற்குப் பிறகு அடுத்த தண்ணீர் மாற்றும் வரை சாதாரண ப்ளீச் அல்லது திரவக் குளோரின் மட்டுமே. சிடிசி ஹாட் டப்பில் சயனூரிக் அமிலமே வேண்டாம் என்கிறது. பொதுஇடத் தொட்டிக்கு அதுதான் சரி. வீட்டில் கொஞ்சம் இருந்தால் குளோரினின் காரம் தணியும், நீச்சலுடையும் மூடியும் நீடிக்கும் என்பதால் பலர் இந்த 30-ஐ ஒப்புக்கொள்கிறார்கள். வீட்டில் நோய் எதிர்ப்பு குறைந்தவர், வயதானவர், நுரையீரல் நோயாளி இருந்தால் சிடிசி சொல்வதையே கேளுங்கள். முதல் நாளிலிருந்தே திரவக் குளோரின்.

ப்ளீச் வாங்கும்போது புட்டியைப் படியுங்கள். வாசனை சேர்த்தது, ‘சிந்தாதது’ என்று கெட்டியாக்கியது, துணிக்குப் பளபளப்புத் தருவது எல்லாம் வேண்டாம்; கெட்டியாக்கும் பொருள் தொட்டியில் நுரையாகப் பொங்கும். சோடியம் ஹைப்போகுளோரைட் சதவீதம் அச்சிட்டிருக்க வேண்டும். திரவக் குளோரின் வெயிலிலும் நாள்பட்டும் வீரியம் குறையும். வெப்பமான கிடங்கில் ஆறு மாதம் கிடந்த புட்டியை 10 சதவீதம் என்று நம்பிக் கணக்குப் போட்டால் கணக்கு தப்பும்.

நீச்சல் குளத்துக்குப் போடும் டிரைகுளோர் மாத்திரையை மட்டும் எக்காரணம் கொண்டும் தொடாதீர்கள். அது கடும் அமிலம், சயனூரிக் அமிலமும் உண்டு. மிதவையில் போட்டால் மிதவை ஒரு மூலையில் ஒதுங்கி, அந்த இடத்து அக்ரிலிக்கை வெளுத்து, ஹீட்டரையும் அரிக்கும்.

மருந்து போலத் தோன்றுபவை

எம்பிஎஸ் என்ற பொட்டாசியம் மோனோபர்சல்ஃபேட்டைக் குளோரின் இல்லாத ஷாக் என்று விற்கிறார்கள். அது அழுக்கை எரிக்கும், குளோரினின் சுமையைக் குறைக்கும். கிருமிநாசினி அல்ல. அதை மட்டும் போட்டுவிட்டுக் குளோரின் இல்லாத தொட்டி என்று பெருமைப்படுவது வெறும் வெந்நீரில் உட்காருவதுதான். ஓசோனும் புறஊதா விளக்கும் தம்மைக் கடந்து ஓடும் தண்ணீரை மட்டும் சுத்தம் செய்யும். உட்காரும் இடத்தில், குழாய்ச் சுவரில், பக்கத்து ஆளின் தோலில் இருப்பதை அவை தொடுவதில்லை. வெள்ளி, செம்பு அயனிகள் கொல்லும், ஆனால் ஆடி அசைந்துதான் கொல்லும். இவை எல்லாமே பக்கவாத்தியம்.

புரோமினைச் சேர்க்க வேண்டியது வேறு பட்டியலில். அது முழுக் கிருமிநாசினி. பிஎச் கொஞ்சம் ஏறினாலும் வீரியம் குறையாது, அழுக்கோடு சேர்ந்து உண்டாகும் புரோமமைனும் கிருமியைக் கொல்லும். தினமும் அளக்கச் சோம்பலாக இருப்பவர்களுக்கு நல்ல தேர்வு. முதலில் 1500 லிட்டருக்கு 58 கிராம் சோடியம் புரோமைடு போட்டால் 30 பிபிஎம் புரோமைடு இருப்பு கிடைக்கும். பிறகு எம்பிஎஸ்ஸோ ப்ளீச்சோ போட்டால் புரோமைடு புரோமினாக எழும். வேலை முடிந்ததும் மறுபடி புரோமைடாகவே தண்ணீரில் கிடக்கும், மீண்டும் எழுப்பலாம். புரோமின் மாத்திரை போட்ட மிதவை இதை மெதுவாகச் செய்துகொண்டே இருக்கும். ஒரு எச்சரிக்கை: புரோமைடு உள்ள தண்ணீரில் நீங்கள் போடும் குளோரின் எல்லாம் புரோமினாகவே மாறும். குளோரினுக்குத் திரும்ப வேண்டுமென்றால் தண்ணீரைக் கொட்ட வேண்டியதுதான். குளோரினை இளஞ்சிவப்பு நிறத்தால் காட்டும் டிபிடி பரிசோதனையில் குளோரின் எண்ணாக வருவதை 2.25-ஆல் பெருக்கினால் புரோமின் அளவு.

பிஎச் ஏன் ஏறிக்கொண்டே போகிறது

குளோரினின் வீரியம் பிஎச்சைப் பொறுத்தது. 7.5-இல் பாதிக் குளோரின் கொல்லும் வடிவத்தில் இருக்கும், 8.0-இல் கால்பங்குதான். பிஎச் 8-க்குப் போனால் வெந்நீரில் சுண்ணாம்பும் படியத் தொடங்கும். உப்புத்தண்ணீர் ஊர்களில் வாட்டர் ஹீட்டர் கம்பியில் கட்டும் அதே வெள்ளைப் பொருக்கு இங்கே ஹீட்டர் குழாயில் கட்டும். 7-க்குக் கீழே போனால் ஹீட்டர் உலோகம் அரிக்கப்படும். 7.2-க்கும் 7.8-க்கும் நடுவில் வைத்திருந்தால் போதும். 7.4 என்று புள்ளி வைத்துத் துரத்த வேண்டாம்.

ஏறுவதற்குக் காரணம் ப்ளீச் என்று பலர் நினைக்கிறார்கள். ப்ளீச் போட்டதும் பிஎச் ஏறுவது உண்மை. ஆனால் அந்தக் குளோரின் செலவாகும்போது அதே அளவு இறங்கிவிடும். உண்மையான காரணம் ஜெட். சோடா புட்டியைக் குலுக்கினால் வாயு பிய்த்துக்கொண்டு போவது போல, காற்றுக் கலந்து அடிக்கும் ஜெட் தண்ணீரிலுள்ள கார்பன்-டை-ஆக்சைடை வெளியேற்றுகிறது. அது போகப் போகப் பிஎச் ஏறும். வெளியேற எவ்வளவு வாயு இருக்கிறது என்பதை மொத்தக் காரத்தன்மை, அதாவது பெரும்பாலும் தண்ணீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட்டின் அளவு, தீர்மானிக்கிறது. அதனால் நீச்சல் குளத்துக்குச் சொல்லும் 80, 120 பிபிஎம் என்ற காரத்தன்மையை ஹாட் டப்பில் பிடித்து வைத்திருப்பது நமக்கு நாமே வைக்கும் ஆப்பு. டைகுளோர் போடும் நாட்களில் 80 இருக்கட்டும், அது அமிலப் பக்கம் இழுக்கும். ப்ளீச்சுக்கு மாறும்போது 50, 60-க்கு இறக்குங்கள்.

இறக்கும் முறை: அமிலம் போட்டுப் பிஎச்சை 7.0, 7.2 வரை கொண்டுவந்து, மூடியைத் திறந்து, காற்று வால்வையும் திறந்து, ஜெட்டை ஓடவிட்டுப் பிஎச் தானாக ஏறவிட வேண்டும். மறுபடி அமிலம், மறுபடி காற்று. ஒவ்வொரு 10 பிபிஎம் குறைக்கவும் சுமார் 38 கிராம் உலர் அமிலம், அதாவது சோடியம் பைசல்ஃபேட், தேவைப்படும். தவறிக் கீழே இறங்கிவிட்டால் 25 கிராம் சமையல் சோடா 10 பிபிஎம் ஏற்றும். சமையல் சோடா, பேக்கிங் பவுடர் அல்ல; பேக்கிங் பவுடரில் மாவு கலந்திருக்கும்.

இதற்கு மேலும் பிஎச் நிலையாக வேண்டுமென்றால் சுமார் 430 கிராம் போரிக் ஆசிட் போட்டு போரானை 50 பிபிஎம்முக்குக் கொண்டுவரலாம். ஒரு நிரப்புக்கு ஒரே ஒரு தடவை. வீட்டு நாய் அந்தத் தண்ணீரை நக்கிக் குடிக்கும் பழக்கமுள்ளது என்றால் இதை விட்டுவிடுங்கள். கால்சியம் 120-இலிருந்து 200 பிபிஎம் வரை இருக்கட்டும், அதற்கும் மெத்தான தண்ணீர் நுரைக்கும்.

பொய் சொல்லும் பூஜ்யம்

பட்டைக் காகிதப் பரிசோதனை ஏதோ இருக்கிறதா இல்லையா என்று பார்க்கப் போதும். ஈரக் கை பட்ட டப்பாவுக்குள் மீதிப் பட்டைகள் ஒரே வாரத்தில் நிறம் மாறிவிடும், அப்புறம் அதுவும் இல்லை. துளி எண்ணும் எஃப்ஏஎஸ்-டிபிடி பெட்டி வாங்குவதே நல்லது. 10 மில்லி தண்ணீரில் டிபிடி பொடியைப் போட்டால் இளஞ்சிவப்பாகும். நிறம் மறையும் வரை பெட்டியிலுள்ள எஃப்ஏஎஸ் திரவத்தைத் துளித்துளியாக விட்டு எண்ண வேண்டும். ஒரு துளிக்கு 0.5 பிபிஎம். அதன் பிறகு இன்னொரு மருந்தைச் சேர்த்தால் நிறம் திரும்பி வருகிறதா பாருங்கள். வந்தால் அது கூட்டுக் குளோரின், அதாவது அழுக்கோடு சேர்ந்து பயனற்றுப்போனது. அது 0.5-க்கு மேல் இருந்தால் இன்னும் குளோரின் கேட்கிறது என்று பொருள். எம்பிஎஸ் போட்ட மறுநாள் இந்த எண்ணை நம்பாதீர்கள், அதுவும் கூட்டுக் குளோரினாகவே வேடமிடும்.

குளோரின் நாற்றம் அடிக்கிறது, அளவு கூடிவிட்டது என்று மருந்தைக் குறைப்பவர்கள் உண்டு. மூக்கை அறுக்கும் அந்த நாற்றம் குளோரமைனின் நாற்றம். குளோரின் போதாமல் போனதற்கான அடையாளம் அது.

நிறம் ஒப்பிடும் சாதாரண டிபிடி குழாயில் ஒரு கண்ணி இருக்கிறது. குளோரின் 10 பிபிஎம்மைத் தாண்டி எகிறியிருந்தால், இளஞ்சிவப்பு ஒரு நொடி மின்னிவிட்டு வெளுத்துவிடும். பார்ப்பவர் பூஜ்யம் என்று நினைத்து மேலும் கொட்டுவார். சந்தேகமாக இருந்தால் ஒரு பங்கு தொட்டித் தண்ணீருக்கு மூன்று பங்கு குளோரின் இல்லாத தண்ணீர் கலந்து மறுபடி பார்த்து, எண்ணை நாலால் பெருக்குங்கள். பிஎச் பார்க்கும் ஃபீனால் ரெட்டும் குளோரின் மிகுந்தால் ஊதாவாகி, பிஎச் ஏறிவிட்டதாகப் பொய் சொல்லும். அந்த நேரத்தில் அமிலம் போடாதீர்கள்.

குழாய்க்குள் இருக்கும் வழுவழுப்பு

ஹாட் டப்பின் உள்ளே கண்ணுக்குத் தெரியாமல் பல மீட்டர் குழாய் ஓடுகிறது. அதன் சுவரில் கிருமிகள் ஒரு வழுவழுப்பான படலத்தைக் கட்டிக்கொண்டு அதற்குள் குடியிருக்கும். வாழைத்தண்டைத் தடவினால் வரும் வழுவழுப்பு மாதிரி. 5 பிபிஎம் குளோரின் மேலே தடவிப் போகுமே தவிர உள்ளே இறங்காது. புதிதாக வாங்கிய தொட்டியிலும் இது இருக்கும், தொழிற்சாலையில் தண்ணீர் விட்டுச் சோதித்தபோது தங்கிய மிச்சம் குழாயில் மாதக்கணக்கில் கிடந்திருக்கும்.

கண்டுபிடிக்க ஒரு வழி: மாலையில் 5 பிபிஎம்முக்கு ஏற்றி, யாரும் இறங்காமல் 24 மணி நேரம் விட்டு அளந்து பாருங்கள். ஓசோன் இல்லாத தொட்டியில் பாதிக்கு மேல் காணாமல் போனால், குழாயில் யாரோ விருந்து சாப்பிடுகிறார்கள்.

இதற்கெனக் குழாய் சுத்திகரிப்பு ஜெல் விற்கிறார்கள். தண்ணீரை மாற்றுவதற்கு முன், பழைய தண்ணீரிலேயே போட வேண்டும். நல்ல ஃபில்டரை எடுத்து வைத்துவிட்டுப் பழையது இருந்தால் மாட்டுங்கள். குளோரினை 10 பிபிஎம்முக்கு மேல் ஏற்றி, ஜெல்லை அளவாகப் போட்டு, காற்று வால்வு எல்லாம் திறந்து, ஜெட்டை முழு வேகத்தில் அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள். பழுப்பும் பச்சையுமாக நுரையோடு வெளியே வருவதைப் பார்த்தால் இத்தனை நாள் இதிலா உட்கார்ந்தோம் என்றிருக்கும். ஓரத்தில் ஒட்டுவதைப் பழந்துணியால் துடைத்து எறியுங்கள். அழுக்கு வருவது நிற்கும்வரை இதையே திரும்பச் செய்ய வேண்டும்.

பிறகு மின்சாரத்தை மெயினிலேயே அணைத்துவிட்டுத் தண்ணீரைத் திறந்துவிடுங்கள். அணைக்க மறந்தால் ஹீட்டர் வெறுமனே சூடேறிக் கருகிவிடும். குழாயில் தங்கியதை ஈரம் உறிஞ்சும் வாக்குவம் கிளீனரால் ஜெட் வாய் வழியாக உறிஞ்சி எடுக்கலாம். மறுபடி நிரப்பும்போது ஹோஸை ஃபில்டர் குழிக்குள் விட்டு நிரப்புங்கள்; மேலிருந்து நிரப்பினால் மோட்டாரில் காற்று அடைத்துக்கொண்டு ஓடியும் தண்ணீர் தள்ளாது.

யாருக்காவது தோல் அழற்சியோ காய்ச்சலோ வந்திருந்தால், அல்லது வரலாறு தெரியாத தொட்டி உங்கள் கைக்கு வந்திருந்தால், இதோடு நிறுத்த வேண்டாம். சயனூரிக் அமிலம் இல்லாத புதுத் தண்ணீரில் குளோரினை 20 பிபிஎம்முக்கு ஏற்றி 10 மணி நேரம் அப்படியே நிறுத்தி வைக்க வேண்டும். லெஜியோனெல்லாவுக்குச் சிடிசி சொல்லும் முறை அது. 10 சதவீதத் திரவக் குளோரின் 300 மில்லி போட்டால் 20 வரும், இரண்டு மணிக்கு ஒரு முறை அளந்து இறங்கியதை ஈடுசெய்யுங்கள். மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கட்டும், ஃபில்டர் புதிதாக இருக்கட்டும். இது நடக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து ஆவியை முகர வேண்டாம்.

ஃபில்டரும் மற்றவையும்

ஃபில்டரை வாரம் ஒரு முறை கழற்றி, மடிப்பு மடிப்பாக ஹோஸில் அலசுங்கள். மாதம் ஒரு முறை காரத்தன்மையுள்ள ஃபில்டர் கிளீனரில் இரவு முழுக்க ஊறவைத்து அலச வேண்டும். சுண்ணாம்புப் பொருக்கு இருந்தால் அதற்குப் பிறகுதான் அமிலம். எண்ணெய்ப் பிசுக்கோடு நேரே அமிலத்தில் போட்டால் பிசுக்கு இறுகி, ஃபில்டரைக் குப்பையில்தான் போட வேண்டும். இரண்டு ஃபில்டர் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் போடுவது வசதி. தலையில் தேங்காய் எண்ணெய் வைத்துக்கொண்டு இறங்கும் பழக்கம் வீட்டில் இருந்தால் இந்த மாதக் கணக்கு வாரக் கணக்காகிவிடும். சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு இறங்கச் சொல்லிப் பாருங்கள், குளோரின் செலவும் கண்கூடாகக் குறையும். நீச்சலுடையை டிடர்ஜென்ட் போடாமல் வெறும் தண்ணீரில் அலசினால் நுரைப் பிரச்சினை பாதி தீர்ந்துவிடும். நுரையடக்கும் மருந்து நுரையை மறைக்கும், காரணத்தைத் தொடாது.

தண்ணீரை எப்போது மாற்றுவது? பொதுத் தொட்டிகளுக்குச் சொல்லும் பழைய சூத்திரம்: கொள்ளளவை கேலனில் எடுத்து மூன்றால் வகுத்து, அதை நாளொன்றுக்குக் குளிப்பவர் எண்ணிக்கையால் வகுத்தால் எத்தனை நாள் என்று வரும். 1500 லிட்டர் சுமார் 400 அமெரிக்க கேலன்; தினம் இரண்டு பேர் என்றால் 66 நாள். ப்ளீச் முறையில் ஒழுங்காகப் பராமரிக்கும் வீடுகளில் மூன்று நாலு மாதம் தாங்கும். டைகுளோர் மட்டுமே போடுபவர்களுக்குச் சயனூரிக் அமிலம்தான் நாளைக் குறிக்கும்.

மருந்துகளை ஒன்றோடொன்று கலக்கவே கூடாது. டைகுளோரோ டிரைகுளோரோ இருந்த டப்பாவிலும் கரண்டியிலும் கால்சியம் ஹைப்போகுளோரைட் பட்டால் தீப்பற்றும், வெடிக்கவும் செய்யும். ப்ளீச்சோடு அமிலம் சேர்ந்தால் விஷவாயு வரும். இரண்டையும் போட வேண்டிய நாளில் ஒன்றைப் போட்டு அரை மணி நேரம் ஓடவிட்டு மற்றதைப் போடுங்கள், அலமாரியிலும் தள்ளித் தள்ளி வையுங்கள். எப்போதும் மருந்தைத் தண்ணீரில் போட வேண்டும், மருந்து டப்பாவில் தண்ணீர் ஊற்றக்கூடாது.

வாடகைக்கு எடுத்த விடுமுறை வீட்டில் இந்த எதுவும் நம் கையில் இல்லை. முந்தைய நாள் அதில் எத்தனை பேர் இருந்தார்கள் என்றும் தெரியாது. இரண்டு டாலர் பட்டைக் காகிதம் பையில் இருந்தால் இறங்குமுன் ஒன்றை நனைத்துப் பாருங்கள். தண்ணீர் மட்டத்துக்குக் கீழே சுவரை விரலால் தடவிப் பாருங்கள். பட்டை நிறம் மாறவில்லை என்றாலோ, விரல் வழுக்கினாலோ, மூடியைத் திறந்ததும் மூக்கை அறுத்தாலோ, மூடிவிட்டு வந்து ஷவரில் குளியுங்கள். ஜெட்டையும் போட்டுப் பார்க்க வேண்டாம்.